ஒகேனக்கல்லில் கற்ற கடல்

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் அலையைப் பார்க்க அரை நாளாவது பேருந்தில் உட்கார வேண்டும். ஆனாலும் கடற்கரைப் பாறைகளை எண்ணெய் வண்ணத்தில் வரைய நான் கற்றுக்கொண்டது இந்த மாவட்டத்தில்தான். பென்னாகரத்தைத் தாண்டி, காட்டுக்குள் வளைந்து இறங்கும் சாலை முடிகிற இடத்தில், காவிரிக் கரைக் கல்லில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கடலை வரைய ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடலுக்குப் போகும் முன் பாறை நிறைந்த ஓர் ஆற்றின் கரையில் உட்காருங்கள். அதற்கான காரணத்தை எனக்குப் புரியவைத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் மட்டும்தான் ஓவியர்.

அப்பா கல்வேலை செய்தவர். அம்மி, ஆட்டுக்கல், உரல் கொத்துவார். தோட்ட வேலிக்கு நடும் கல்தூண் பிளந்து கொடுப்பார். பாறை முன்னால் போய் நின்றதும் உளியை எடுத்துவிட மாட்டார். சுத்தியலால் அங்கங்கே தட்டிச் சத்தம் கேட்பார். கணீரென்று கேட்டால் உள்ளே விரிசல் இல்லை. பொத்தென்று கேட்டால் அந்தக் கல்லை விட்டுவிடுவார். பிறகு வெயில் சாயும் வரை காத்திருப்பார். உச்சி வெயிலில் கல் ஒன்றும் சொல்லாது, சாய்ந்த வெயிலில்தான் ரேகை காட்டும் என்பார். "உருண்டையாத் தெரியுற கல்லுக்கும் முகம் இருக்கு பாப்பா. முகம் எது, விலா எது, அடிவயிறு எதுன்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்." பாறையை வரையக் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைப் பின்னாளில் திறந்தாலும் முதல் பாடம் இதுவாகவே இருந்தது. வானத்தைப் பார்க்கும் மேல்முகம், பக்கவாட்டு முகம், உள்ளே குடைந்த அடிப்பகுதி என்று மூன்றாகப் பிரி. மேல்முகத்துக்கு வெளிச்சம், பக்கத்துக்கு நடுநிறம், அடிக்கு இருட்டு. எங்கள் வீட்டில் அது தொழில் பேச்சு.

எங்கள் பக்கத்துக் கருங்கல்லில் சார்னோக்கைட் என்ற இனம் நிறைய. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் வைத்த பெயர் அது. அந்தக் கல்லறைக் கல் போனது சென்னைக்கு அருகே உள்ள பல்லாவரத்திலிருந்து. புதிதாக உடைத்த இடத்தில் இந்தக் கல் நீலமும் பச்சையும் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கத்தோடு இருக்கும். வெயிலிலும் மழையிலும் பல காலம் கிடந்த முகம் தேன்பழுப்பாக மாறியிருக்கும். ஒரே கல்லில் இந்த இரண்டு நிறமும் இருக்கும் என்பது அப்பாவின் பட்டறையில் பார்த்தே எனக்குப் பழக்கம். ஒகேனக்கல் பக்கத்தில் இன்னும் அரிதான கார்பனடைட் பாறைகளும் உண்டு. அவற்றின் வயதை 200 கோடி ஆண்டுகளை ஒட்டியும் தாண்டியும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடல் ஆசை எனக்கு ஒரு படத்தால் வந்தது. ராமன் கடற்கரைப் பாறையில் வில்லோடு நிற்க, கொந்தளிக்கும் கடலிலிருந்து வருணன் எழுந்து வரும் ரவிவர்மாவின் ஓவியம். அதன் அச்சுப் பிரதி எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டரின் அறைச் சுவரில் தொங்கியது. மற்ற பிள்ளைகள் ராமனைப் பார்த்தார்கள். நான் அவர் காலடிக் கல்லையும் அதில் மோதிச் சிதறும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதை எப்படி சார் வரைஞ்சாங்க?" என்று கேட்டேன். "பென்சிலை வச்சுட்டு, ஞாயிற்றுக்கிழமை வாம்மா" என்றார்.

சார் அரசுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, பள்ளி வேலை கிடைக்கும் வரை சினிமா பேனர் வரைந்தவர். முப்பதடி உயரப் படத்தைக் கட்டம் போட்டுத் துண்டு துண்டாக வரைந்து பழகிய கை. எட்டி நின்று பார்த்தால் எது வெளிச்சம், எது இருட்டு என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது அவருக்கு அங்கே வந்த படிப்பு. அவர் எனக்குச் சொன்ன முதல் கதையும் ரவிவர்மாவைப் பற்றியதுதான். எண்ணெய் வண்ணம் கற்றுக்கொள்ள விரும்பிய அந்த இளைஞருக்குத் திருவனந்தபுரம் அரண்மனையில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த வித்தை தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசுவாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்ற ரவிவர்மா 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கினார். கதையை முடித்துவிட்டு சார் சொன்னார்: "நான் வரையுறப்ப நீ பக்கத்துல உட்காரு. சந்தேகம் இருந்தா கேளு. நான் மறைக்க மாட்டேன்." அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

இன்னொரு நாள், நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பெரிய புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் சென்னையிலிருந்து கிளம்பித் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்து, இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி என்று இந்தப் பக்கத்து மலைக்கோட்டைகளை அவர்கள் வரைந்தார்கள். கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டி வழியாகக் காட்சியைத் தாளில் விழவைத்துக் கோடு எடுத்துக்கொண்டார்கள். லண்டன் திரும்பிய பிறகு அவற்றை அக்வாடின்ட் அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். தாமஸ் எண்ணெய் வண்ணத்திலும் பல இந்தியக் காட்சிகளைத் தீட்டினார். அதே பயணத்தில் அவர்கள் பாபநாசம் அருவியையும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் நான் அறிந்த மலைகள் இருந்தன. பேருந்து ஜன்னலில் தினமும் கடந்துபோகும் குன்று, உலகம் பார்க்கத்தக்க ஓவியம் என்று இருநூறு ஆண்டுக்கு முன்பே இரண்டு பேர் எண்ணியிருக்கிறார்கள். சார் சொல்ல வந்ததும் அதுவே. எங்கோ போய்ப் பார்த்தால்தான் ஓவியம் என்று இல்லை.

எண்ணெய் வண்ணம் எங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சரக்கு இல்லை. டர்ப்பன்டைன் தர்மபுரி ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. டியூப் வண்ணங்களுக்கு யாராவது சேலம் போகக் காத்திருப்போம். கேன்வாஸுக்குப் பதில் ஹார்டுபோர்டை அறுத்து, வழுவழுப்பான பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வெள்ளை பிரைமர் அடித்துக் காயவைப்போம். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், எல்லோ ஆக்கர், கொஞ்சம் விரிடியன் பச்சை, டைட்டானியம் ஒயிட்: சார் அனுமதித்த வண்ணங்கள் இவ்வளவே. கறுப்பு டியூப் வாங்கவே விட மாட்டார். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் கறுப்பைவிட ஆழமான இருட்டு வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, அம்பரைக் கூட்டினால் சூடான இருட்டு. கூடவே வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் எங்கள் கருங்கல்லின் அத்தனை சாம்பலும் அந்த இரண்டு டியூபிலிருந்தே வந்துவிடும்.

இந்த டியூபுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் வரை, அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். எடுத்தால் ஒழுகும், வைத்தால் காயும். குழாய் வந்த பிறகுதான் எண்ணெய் வண்ணத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் போவது சுலபமானது.

எண்ணெய் வண்ணம் ஏன் பாறைக்குப் பொருந்துகிறது என்பதை, அது காயும் விதத்தைத் தெரிந்துகொண்டபோது புரிந்துகொண்டேன். நீர்வண்ணத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகும், படம் காய்ந்துவிடும். ஆளி விதை எண்ணெய் அப்படி ஆவியாவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல உள்ளிழுத்து இறுகுகிறது. அதனால் அடியில் இருக்கும் பூச்சு முதலில் இறுக வேண்டும். மேலே எண்ணெய் மிகுந்த பூச்சும் கீழே எண்ணெய் குறைந்த பூச்சும் இருந்தால்தான் படம் பிற்காலத்தில் வெடிக்காது. சார் இதைச் சமையலறை மொழியில் சொல்வார்: "அடிப்பூச்சு மோர்ப் பதம், மேல்பூச்சு வெண்ணெய்ப் பதம்." அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும். டர்ப்பன்டைனில் கரைத்த அம்பரால் ஒரு ஞாயிறு இருட்டை மட்டும் பூசி வைத்தால், அடுத்த ஞாயிறு அதன் மேல் தைரியமாகக் கை வைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓய்வு. எண்ணெய் வண்ணத்தின் நேரமும் என் நேரமும் ஒத்துப்போயின.

முதலில் நெடுநாள் வரைந்தது காய்ந்த பாறையைத்தான். ஊருக்கு வெளியே உள்ள கரட்டில், புளியமர நிழலில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். கண்ணைச் சுருக்கினால் நிறங்கள் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். மூன்று அளவில் அடங்காத பாறை எதுவும் இல்லை என்று சார் சொல்வார். விரிசல், செதில், பாசித் தழும்பு எல்லாம் அந்த மூன்றும் சரியாக விழுந்த பிறகு கடைசியில் வரும் நகை. தட்டையான பன்றி மயிர்ப் பிரஷை ஒரு முகத்துக்கு ஓர் இழுப்பு என்று இழுக்க வேண்டும். பிரஷின் இழுப்பு கல் சரியும் திசையிலேயே போக வேண்டும். அப்பா ஒருநாள் என் பலகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லைப் பிளக்கலாம். இங்க உளி வச்சா இப்படி விடும்" என்று விரலால் ஒரு கோடு காட்டினார். சாரின் பாராட்டைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

அதன் பிறகுதான் ஒகேனக்கல்.

ஞாயிறு காலையில் சார், ஒரு டீச்சரம்மா, நாங்கள் சில பிள்ளைகள், தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு. கிளம்பும் முன் சார் நாளிதழில் ஒகேனக்கல் நீர்வரத்தைப் பார்ப்பார். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியை எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று செய்தி வரும். ஒரு கனஅடி சுமார் 28 லிட்டர். 8,000 கனஅடி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டே கால் லட்சம் லிட்டர் தண்ணீர் அந்தக் கற்களுக்கு இடையே நுழைந்து போகிறது. தண்ணீர் குறைந்த கோடையில் பாறைகள் எலும்பும் நரம்புமாக வெளியே தெரியும். ஆடியில் புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் வெள்ளம் தெளிந்து பச்சையாக ஓடும். விவசாயி ஒரு கண்ணோடும், மேட்டூர் அணைக்காரர் ஒரு கண்ணோடும் பார்க்கும் அதே எண்ணை நாங்கள் வரைவதற்காகப் பார்த்தோம். நீர் அளவு மாறினால் அன்றைக்குத் தெரியும் கல்லும் மாறும், அருவியின் உருவமும் மாறும்.

அங்கே மூன்றாவது ஆசிரியர் கிடைத்தார். வயதான பரிசல்காரர். மூங்கில் பின்னிய பரிசலைத் துடுப்பு ஒன்றால் பாறைச் சந்துகளில் செலுத்துகிறவர். நாங்கள் உட்காரும் கல்லை அவர்தான் தேர்ந்து கொடுப்பார். பாசி படிந்த கல்லில் கால் வைக்கக் கூடாது, ஈரக்கோட்டுக்குக் கீழே உட்காரவே கூடாது என்பது அவர் சட்டம். ஓய்வாக இருக்கும்போது என் பலகையைப் பார்த்துவிட்டு ஆற்றைக் காட்டிப் பேசுவார்.

"அங்க பாரு பாப்பா, தண்ணி வழவழன்னு மேடு கட்டி நிக்குதா? அதுக்குக் கீழ கல்லு இருக்கு. அந்தாண்ட பாரு, தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடுது. பிரியுற மொனை நம்மள எதிர்க்கப் பார்த்து நின்னா, அங்க கல்லு. மொனை கீழ்த்தண்ணி பக்கமாப் போனா, அது ரெண்டு கல்லுக்கு நடுவுல வழி. கல்லுக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல ஏறும். அது சுழி."

எனக்கு அந்த நாள் முழுவதும் வேறு எதுவும் ஓடவில்லை. தண்ணீருக்குச் சொந்த உருவம் இல்லை. அடியில் இருக்கும் கல்லின் உருவத்தை மேலே எழுதிக் காட்டுகிறது. அவர் படித்துக்கொண்டிருந்தது அந்த எழுத்தை. தண்ணீரை வரைய வேண்டுமென்றால் தண்ணீரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அதன் அடியில் உள்ள பாறையை மனத்தில் வைத்துக்கொண்டு பிரஷை இழுக்க வேண்டும். கல்லின் முகங்களை அறிந்த கை, அதன் மேல் வழியும் நீரையும் அந்த முகங்களின் சரிவிலேயே இழுக்கும். பாறைப் பாடம் முடிந்த பிறகுதான் சார் என்னை ஆற்றுக்கு அழைத்து வந்ததன் காரணம் அப்போது தெளிவானது.

ஆற்றில் இன்னொரு கொடை இருந்தது. அருவிக்குக் கீழே, பாறையைத் தாண்டி விழுந்த தண்ணீர் குபுகுபுவென்று ஓர் அலையாக எழும். அந்த அலை அங்கேயே நிற்கும். உள்ளே ஓடும் தண்ணீர் நொடிக்கு நொடி புதிது, ஆனால் உருவம் அசைவதில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தாலும் அதே முதுகு, அதே மடிப்பு, அதே நுரைக் கொண்டை. வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அலை எங்கே மெலிகிறதோ அங்கே வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாகும். எங்கே மடங்குகிறதோ அங்கே இருட்டு. நுரையும் வெறும் வெள்ளை இல்லை. அது கோடிக்கணக்கான குமிழி. எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. ஆனாலும் அதற்கு உடல் உண்டு, வெயில் படாத பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை அல்ட்ராமரைனும் துளி சியன்னாவும் கலந்த சாம்பல் வெள்ளையில் போட்டுவிட்டு, சுத்த வெள்ளையைக் கத்திமுனையில் எடுத்து வெயில் நேராக விழும் ஓரிரு இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். "வெள்ளையைச் சேமிச்சு வை. கடைசியில செலவு பண்ணு" என்பார் சார்.

நனைந்த பாறை வேறொரு பாடம். மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் கல்லின் சொரசொரப்பில் சிதறும் ஒளி குறைகிறது. நிறம் ஆழமாகிறது. காய்ந்த பகுதியில் வெளிறிய தேன்பழுப்பாக இருப்பது நனைந்த பகுதியில் கரும்பழுப்பு. ஆனால் அந்த நனைந்த முகம் வானத்தைப் பார்த்தால், கறுப்பின் மேலேயே வானத்தின் நீலம் பளிச்சென்று கிடக்கும். ஒரே கல்லில் மிக இருண்ட இடமும் மிக ஒளிர்ந்த இடமும் ஒட்டி ஒட்டி வரும். ஓரங்களும் அப்படியே. காய்ந்த கல் வானத்தை வெட்டும் ஓரம் கூர்மை. சாரல் மூடிய அடிப்பக்கத்து ஓரத்தை விரலால் தேய்த்துக் கரைத்துவிட வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் பலகையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

வேலை முடிந்ததும் சார் இரண்டு காரியத்தில் கண்டிப்பாக இருப்பார். பிரஷ் கழுவிய டர்ப்பன்டைனைப் புட்டியில் மூடி வீட்டுக்குத் தூக்கி வர வேண்டும். காவிரியில் ஒரு சொட்டு விழக் கூடாது. எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. பற்கள் கறைபட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி இந்த ஆற்று நீர் ஊர்களுக்கு வந்தபோது, அன்று சார் காட்டிய கண்டிப்பின் முழு அர்த்தமும் எனக்குப் புரிந்தது. இரண்டாவது காரியம், எண்ணெய் துடைத்த துணிகள். ஆளி எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கும். சுருட்டி மூலையில் போட்ட துணி தானே தீப்பிடிக்கக் கூடும். அதனால் வீட்டில் தண்ணீர் வாளியில் ஊறப்போட்ட பிறகே தூக்கி எறிவோம்.

பல வருடம் கழித்து முட்டத்துக்குப் போனேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், கலங்கரை விளக்கத்தின் கீழே கரும்பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கும் மீனவ ஊர். பக்கத்தில் மணவாளக்குறிச்சிக் கரையில் இல்மனைட் கலந்த கருமணலும் கார்னெட் கலந்த செம்மணலும் வரிவரியாகக் கிடக்கும். சார்னோக்கைட் அந்த மாவட்டத்திலும் இருக்கும் இனம். அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தூரம் பயணம் செய்து வந்து, அப்பாவின் பட்டறையில் பழகிய சாம்பலையும் பழுப்பையும் கடற்கரையில் கண்டேன். டியூப் எதையும் புதிதாக வாங்கத் தேவைப்படவில்லை.

கடல் ஆற்றுக்கு நேர்மாறானது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, உருவம் நிற்கிறது. கடலில் உருவம் ஓடுகிறது, தண்ணீர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் வட்டமிடுகிறது. மிதக்கும் கட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியும்; அலை அதைக் கடந்து போய்விடும், கட்டை ஏறி இறங்கி அதே இடத்தில் கிடக்கும். கரைக்கு வந்து, தன் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான ஆழத்தில் கால் இடறும்போதுதான் அலை உடைகிறது. உடைந்த பிறகு வரும் காட்சியில் கண்ணுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மூச்சு அளவு. கடலில் மட்டும் பழகுகிறவர் அந்த ஒரு மூச்சுக்குள் எல்லாவற்றையும் பிடிக்கப் போராட வேண்டும். எனக்கு அந்த உருவங்கள் ஏற்கெனவே பழக்கம். அலை பாறைமேல் ஏறும்போது கட்டும் வழவழப்பான மேடு, முனையில் பிரியும் நீர், பின்னால் திரும்பி ஏறும் சுழி, அலை பின்வாங்கியதும் பாறை உச்சியிலிருந்து நூல்நூலாக வழியும் குட்டி அருவிகள் — எல்லாம் ஒகேனக்கல்லில் எனக்காக மணிக்கணக்காக நின்றுகொடுத்தவை. இங்கே அவை ஓடுகின்றன, அவ்வளவே. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண ஒரு நொடி போதும்.

கடலோரப் பாறையைத் தீவிரமாக வரைந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்த நேரப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1886 இலையுதிர் காலத்தில் பெல் இல் என்ற தீவில் தங்கி, அட்லாண்டிக் அலைகள் மோதும் பாறைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே நாளில் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறியதும் இன்னொன்றை எடுப்பார். அதற்கு முந்தின ஆண்டு எட்ரெட்டா கடற்கரையில் வேலையில் மூழ்கியிருந்தபோது ஓர் அலை அவரைப் பாறையில் அறைந்து இழுத்தது. உயிர் தப்பினார், வரைந்துகொண்டிருந்த படத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ஈரக்கோட்டுக்குக் கீழே உட்காரக் கூடாது என்ற பரிசல்காரரின் குரல்தான் கேட்டது. முட்டத்திலும் அதையே கடைப்பிடித்தேன். மாலை வெயில் மேற்கே கடலின் மேலிருந்து பாறையின் விலாவில் சாயும் நேரம். அப்பா காத்திருக்கும் அதே சாய்ந்த வெயில். பலகையில் முதலில் இருட்டு, பிறகு மூன்று முகம், பிறகு அதன் மேல் வழியும் நீர், கடைசியில் கத்திமுனை வெள்ளை. அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அப்பாவை ஒரு முறை சென்னைக்கு அழைத்துப் போனேன். மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்றோம். சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான தேவிபிரசாத் ராய் சவுத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்டது அது. நான்கு ஆட்கள் ஒரு பெரும் பாறையை உயிரைக் கொடுத்து நகர்த்தும் காட்சி. அப்பா வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கம்பு குடுத்திருக்கிற எடம் சரி. கால் ஊனியிருக்கிறதும் சரி. செஞ்சவரு வேலை பார்த்திருக்காரு" என்றார். கலையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் என்னைக் கவர்ந்தது அது. பாறையோடு வாழ்ந்தவர்களுக்குக் கலை அந்நியமில்லை. அவர்களிடம் அதைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மண்ணில் வண்ணமும் புதிதில்லை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் ராமாயணமும் பாரதமும் விதானத்தில் வரையப்பட்டிருக்கின்றன. நடுகற்களில் வீரர்களைச் செதுக்கிய ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. கல்லும் ஆறும் சாய்ந்த வெயிலும் தர்மபுரிப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. குறைவாக இருப்பது ஓவிய ஆசிரியர்கள். பல பள்ளிகளில் அந்தப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். 2012இல் பகுதிநேரமாக நியமிக்கப்பட்ட சிறப்பாசிரியர்கள் நிரந்தரப் பணி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். இதைத் துணைப்பாடம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லின் முகத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, தண்ணீரின் மேற்பரப்பில் அடியில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் நன்றாகப் பார்க்கும். என் சார் ஒரு டியூப் வண்ணத்துக்குச் சேலம் பேருந்துக்காகக் காத்திருந்த காலத்திலும் எங்களுக்காக ஞாயிறுகளைக் கொடுத்தார். தான் வரைவதை மறைக்காமல், பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கவிடும் அப்படி ஒருவர், முழுநேரச் சம்பளத்தோடு, இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும்.